நாற்காலி வகுப்பு

“இது நாடக வகுப்பா, ஆட்டுப் பட்டியா?”

தோன்யா அம்பாரோவின் குரல் கேட்டதும், தரையில் தவழ்ந்துகொண்டிருந்த வாண்டுகள் எல்லாம் கப்சிப். ஓநாயாக உறுமிக்கொண்டிருந்த இட்செல் டீச்சரும் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

“சின்னப் பசங்க தோன்யா. இப்படி விளையாட்டா சொல்லிக்கொடுத்தாத்தான் மேடை பயம் போகும்.”

“எனக்கென்ன, நீ டீச்சர். ஆனா ஓநாய் இப்படியா உறுமும்?” கதவோரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சட்டமாக உட்கார்ந்தாள், ஊரே மரியாதையாகத் ‘தோன்யா’ என்று கூப்பிடும் அந்தக் கிழவி.

மூன்று வாரமாக இதே கதை. சனிக்கிழமை நாலு மணிக்குக் குழந்தைகள், ஐந்துக்குப் பள்ளிக்கூடத்துப் பெரிய பசங்கள், ஆறுக்கு முதியவர்கள். தோன்யா அம்பாரோ சேர்ந்திருப்பது ஆறு மணி வகுப்பில். வருவதோ நாலு மணிக்கே. வந்து உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ஒரு நொட்டை.

ஹாலை நடத்தும் ஊர் மன்றத்து நிர்வாகி போன வாரமே இட்செலிடம் சொல்லிவிட்டார்.

“பெரியவங்க வகுப்புல ஆளு குறைஞ்சுக்கிட்டே போகுது டீச்சர். இன்னும் ஒரு புகார் வந்துச்சுன்னா, ஜனவரியிலேர்ந்து ஹாலை ஜூம்பா டான்ஸ்காரங்களுக்குக் கொடுத்துடுவேன்.”

இந்த ஹாலையா? ஆறு வயதில் இட்செல் முதன்முதலாக மேடையேறியது இங்கேதான். டிசம்பர் பிறந்தால் இடையர் நாடகம். குழந்தை ஏசுவைப் பார்க்கப் பெத்லகேமுக்குப் போகிற இடையர்களைக் கொம்பு வைத்த சாத்தான் வழிமறித்து, தின்பண்டம் காட்டி மயக்குவான். அவன் பேசப் பேச ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும். வாசலில் கொதிக்கும் கொய்யாப்பழப் பானத்தின் வாசனை மேடைவரைக்கும் வரும். பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டி வேஷத்தில் இட்செலுக்கு வாயூறும்.

கடைசியில் தகரச் சிறகும் வாளுமாக மிக்கேல் சம்மனசு என்ற தேவதூதர் வந்து, சாத்தானின் கழுத்தில் காலை வைப்பார். வருஷா வருஷம் அந்த மிக்கேல், இதே தோன்யா அம்பாரோதான். அவள் முறைப்பைப் பார்த்து ஆட்டுக்குட்டி நிஜமாகவே நடுங்கியிருக்கிறது. நினைத்தால் இப்போதும் இட்செலுக்கு நெஞ்சு இனிக்கும். அந்த நாட்களுக்கு ஏங்கித்தானே மெக்சிகோ நகரத்து வேலையை உதறிவிட்டு ஊர் திரும்பினாள்!

ஐந்து மணிக்குப் பெரிய பசங்கள் வந்தார்கள்.

“பஸ்ல ஒரே சீட்டு. அதுக்கு ரெண்டு பேர் சண்டை. வசனம் கிடையாது, இஷ்டத்துக்குப் பேசுங்க” என்றாள் இட்செல். நாச்சோவும் லுபேயும் பின்னி எடுத்தார்கள்.

“சத்தமாத்தான் சண்டை போடேன்டா! வாயில என்ன, தமாலே கொழுக்கட்டையை அடைச்சு வச்சிருக்கியா?” கதவோரத்திலிருந்து குரல். நாச்சோவுக்கு முகம் தொங்கிப்போனது. இட்செல் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆறு மணிக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். முதியவர்களுக்கென்று பார்த்துப் பார்த்து யோசித்த பாடம்: கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி, பிறகு ஆளுக்கொரு பழைய நினைவு. முட்டி வலிக்காது, மூச்சு வாங்காது. வந்திருந்ததே நாலு பேர். அதிலும் தோன் எவரார்தோ தாத்தா மூச்சுப் பயிற்சியிலேயே குறட்டை விட்டுவிட்டார்.

வகுப்பு முடிந்தும் தோன்யா அம்பாரோ மட்டும் கிளம்பவில்லை.

“நிர்வாகியைப் பார்க்கலாம்னு இருக்கேன்.”

இட்செலுக்கு அழுகையே வந்துவிட்டது. “தோன்யா, உங்களைப் பார்த்துத்தான் எனக்கு நாடகப் பைத்தியமே பிடிச்சுது. நீங்களே புகார் சொல்லி இந்த ஹாலைப் பிடுங்கலாமா?”

“ஹாலை யாருடி பிடுங்குறா? என்னை நாலு மணி வகுப்புக்கு மாத்தச் சொல்லப் போறேன்.”

“நாலு மணியா? அது குழந்தைங்க வகுப்பு!”

“அதுக்கென்ன? நாலு மணிக்கு ஓநாயா உறுமுறாங்க, அஞ்சு மணிக்குச் சண்டை போடுறாங்க. எங்களை மட்டும் ஏன்டி நாற்காலியில உட்கார வச்சுக் கண்ணை மூடச் சொல்றே? இன்னும் கொஞ்ச நாள்ல ஒரேயடியா மூடத்தானே போறோம்!”

இட்செலுக்குச் சுருக்கென்றது. நாற்காலிகளை ஒவ்வொன்றாகச் சுவரோரம் தள்ளினாள்.

“அடுத்த வாரம் ஆறு மணிக்கு நாற்காலி கிடையாது தோன்யா. டிசம்பர் இடையர் நாடகத்துல உங்க எல்லாருக்கும் வேஷம். உங்களுக்கு அதே மிக்கேல் சம்மனசு, சரிதானே?”

வாசல்வரை போன தோன்யா அம்பாரோ திரும்பி வந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“முகத்துல தெய்வக் களைன்னு சொல்லிச் சொல்லியே அத்தனை வருஷமும் எனக்குச் சிறகை மாட்டிவிட்டாங்க. நல்ல வசனமெல்லாம் என் காலுக்குக் கீழே கிடந்தவனுக்குத்தான். இந்தத் தடவையாவது அந்தக் கொம்பை எனக்குக் குடேன்!”