இரவல் தலை

"எல்லாத் தலையையும் மெஷின்ல கொட்டுங்க. ஒண்ணுகூட வெளிய போவக் கூடாது."

முதலாளி பக்தவத்சலம் சொன்னதும், பெயின்டிங் செக்‌ஷனில் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த பெண்களின் பிரஷ்கள் அப்படியே நின்றன.

ஜெயசீலி மட்டும் எழுந்தாள்.

"இன்னா சார் சொல்றீங்க? பூந்தமல்லி ஹோம் புள்ளைங்களுக்கு மீதி பொம்மையைத் தரேன்னு ஒத்துக்கினீங்களே! கிறிஸ்துமஸுக்குக் கொண்டாறேன்னு நான் சிஸ்டர்கிட்ட வாக்குக் குடுத்துட்டேனே!"

"ஒத்துக்கினேன். இப்ப முடியாது."

அம்பத்தூர் எஸ்டேட்டில் 'எல்லம்மா டாய்ஸ்' எழுந்து நின்றதே அடுத்தவர் முகத்தை வைத்துத்தான். நூம்பல் கிராமத்தில் இருந்த நிலத்தை விற்று, அம்மா பேரில் ஒரு ஷெட் போட்டபோது பக்தவத்சலத்திடம் இருந்தது ஒரே ஒரு அச்சு. நல்ல பயில்வான் உடம்பு. அதற்கு ஒரு சினிமா ஹீரோவின் தலையை அனுமதி வாங்கி மாட்டினார். திருவிழாக் கடைகளில் பிய்த்துக்கொண்டு போனது.

அப்புறம் வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் ஈ காக்கா இல்லாமல் செய்த தொடரின் நாயகன் வஜ்ரவீர். தொடரை எடுத்த பம்பாய்க் கம்பெனியிடம் லைசென்ஸ் வாங்கி, அதே உடம்பில் வஜ்ரவீர் தலையை மாட்டினார். ஷெட், ஃபேக்டரி ஆனது.

இப்போது தொடர் முடிந்துவிட்டது. லைசென்ஸும் முடிந்துவிட்டது. மீதிச் சரக்கை அழிப்பதைக் கண்ணால் பார்க்க பம்பாயிலிருந்து ஓர் ஆள் வந்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

ஜெயசீலி நேரே போய் அரைக்கும் மெஷினை மறித்துக்கொண்டு நின்றாள்.

"தாய் தகப்பன் இல்லாத புள்ளைங்க சார். வாங்கி விக்கவா போறாங்க? வெளையாடப் போறாங்க!"

பம்பாய்க்காரர் இங்கிலீஷில் ஏதோ முணுமுணுத்தார்.

"ஒரு தலை வெளிய போனாலும் கேஸ் போடுவாங்க ஜெயசீலி. அடுத்த லைசென்ஸ் கெடைக்காது. இங்க கீற இத்தினி பேருக்கும் வேலை இல்லாம பூடும். நவுரு."

"நவுர மாட்டேன்."

"ஜெயசீலி!"

"அடுத்தவன் மூஞ்சியை வாடகைக்கு எடுத்துப் பொழைச்சா இப்படித்தான் சார். அவன் வந்து நின்னா கையைக் கட்டிக்கினு நிக்கணும். உங்களுக்குன்னு சொந்தமா ஒரு மூஞ்சி கீதா?"

யாரோ 'ஐயோ' என்றார்கள்.

பக்தவத்சலத்தின் முகம் சுண்டிப்போனது. கூடையைத் தானே தூக்கி, அவள் தோளுக்கு மேலாக மெஷினில் கவிழ்த்தார். வஜ்ரவீரின் தலைகள் கடகடவென்று நொறுங்கின.

ஜெயசீலி கம்பெனிக் கோட்டைக் கழற்றி மேஜைமேல் வீசினாள்.

"இந்த வேலையே எனக்கு வாணாம்."

யாராவது கூட வருவார்களா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். ஒருத்தியும் எழவில்லை. தினமும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட ராணிகூடக் குனிந்த தலை நிமிரவில்லை. அதுதான் அவளுக்கு ரொம்ப வலித்தது.

பக்கத்திலேயே எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் சட்டைக்கு நூல் வெட்டும் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவுதான். ராணி ஒரு நாள் வீடு தேடி வந்து, "மொதலாளி உன்னைத் திரும்ப வரச் சொல்றாருடி" என்றாள்.

"அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு சொல்லு. நீயும் இனிமே இங்க வராதே."

ராணி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். ஜெயசீலி கதவைச் சாத்திவிட்டாள்.

கிறிஸ்துமஸ் அன்று சர்ச்சில் பூசை முடிந்ததும், ஒரு டின் நிறைய கல்கல் பலகாரம் எடுத்துக்கொண்டு ஹோமுக்குப் போனாள். பொம்மை என்று ஆசை காட்டிவிட்டுக் கல்கல்லோடு போகிறோமே என்று காலே எழவில்லை. ஆனாலும் முகத்தை மறைத்துக்கொண்டு வீட்டில் உட்கார அவளால் முடியாது.

கேட்டைத் தாண்டும்போதே கூச்சல். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு பொம்மை.

சிஸ்டர் ஞானகுமாரி சிரித்தபடி வந்தார்.

"வாம்மா! நேத்து உங்க முதலாளியே வேன்ல கொண்டுவந்து இறக்கினார். 'தலை உன்னுது, அரைச்சாச்சு. உடம்பு என் அச்சு, அதைத் தொடாதே'ன்னு அந்த பம்பாய்க்காரர்கிட்ட மல்லுக்கு நின்னு உடம்பையெல்லாம் காப்பாத்தி வெச்சுக்கிட்டாராம். புதுசா தலைக்கு அச்சு பண்ணி, பழைய பெயின்டை மறைச்சு அடிச்சு... ராணியும் மத்த பொண்ணுங்களும் வேலை முடிஞ்ச பிறகு உட்கார்ந்து செஞ்சாங்களாம். உனக்குச் சொல்லத்தான் ராணி வந்தாளாமே?"

ஜெயசீலி ஒரு சின்னப் பெண்ணிடமிருந்து பொம்மையை வாங்கிப் பார்த்தாள்.

பயில்வான் உடம்பு. அதன்மேல் கம்பெனிக் கோட்டு. இழுத்துக் கட்டிய கொண்டை. அடர்ந்த புருவம். யாரையோ கேள்வி கேட்கிற மாதிரி முறைக்கிற கண். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு மரு.

அவள் கை தன்னையறியாமல் தன் மூக்கோரத்து மருவைத் தொட்டது.

"இனிமே இதுதான் அவங்க கம்பெனியோட சொந்த பொம்மையாம். கடைக்கும் வருதாம்" என்றார் சிஸ்டர். "'இதுக்கு யார்கிட்ட லைசென்ஸ் வாங்கினீங்க'ன்னு விளையாட்டாக் கேட்டேன்."

"இன்னா... சொன்னாரு?"

"'இன்னும் வாங்கலை சிஸ்டர். அந்தம்மா எம்மேல கோவமா கீறாங்க, நீங்கதான் கேட்டு வாங்கித் தரணும்'னார்."