பல் தெரியக் கூடாது

“இதையும் ஒரு பிரிண்ட் போட்டுடுங்க. அவளுக்குத் தெரிய வேண்டாம்.”

ஸ்டுடியோ கவுண்டரில் சாய்ந்துகொண்டு நர்சம்மாவின் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் வார்டின் கடைசிக் கட்டிலில் நோயாளி முனகினாலே காதில் வாங்கிக்கொள்கிற நர்சம்மாவுக்கு, பத்தடி தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால் மட்டும் அது கேட்காமல் போகுமா?

டியூட்டி முடிந்து வெள்ளை யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தாள். விசா போட்டோவுக்குப் பின்னால் வெள்ளைத் திரை, முன்னாலும் வெள்ளை உடுப்பு என்றால் தலை மட்டும் தனியாக மிதக்கும் என்று சொல்லி, ஸ்டுடியோக்காரம்மா ஆணியில் தொங்கிய கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டிவிட்டாள். அந்தக் கோட்டுக்குள் நுழைந்து வெளியே வராத ஆளே அந்த வட்டாரத்தில் கிடையாது.

“நம்ம கேஸ் எப்ப முடியும் வக்கீலம்மா?” என்று வீட்டுக்காரர் கிண்டல் வேறு பண்ணினார். அவள் கிளுக்கென்று சிரிக்க, கேமரா விளக்கு ஒரு தடவை மின்னியது. சிரித்தால் விசாக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று ஸ்டுடியோக்காரம்மா கடிந்துகொண்டாள்.

அதற்கப்புறம் ஒரே கெடுபிடி. கண்ணாடியைக் கழற்ற வேண்டும், காது இரண்டும் தெரிய வேண்டும், உதடு ஒட்டியிருக்க வேண்டும், பல் தெரியவே கூடாது. ஊசி போடும்போது ஊரையே ஆடாமல் அசையாமல் உட்காரவைக்கிறவள், தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வேறு வழியில்லை. வீட்டுச் சுவரோரம் நின்று செல்போனில் எடுத்து அனுப்பிய படத்தை, நிழல் விழுந்திருக்கிறது என்று ஏற்கெனவே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். இந்தத் தடவையும் திரும்பி வந்தால், கடல் கடந்து போன பிள்ளை பக்கத்தில் யாருமில்லாமல்தான் பெற்றெடுக்க வேண்டும்.

போனால் ஆறு மாதம். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காது. “நீ நிம்மதியா போயிட்டு வா, இங்க நான் பார்த்துக்கிறேன்” என்று அவர் சொன்ன விதம்தான் ஒரு வாரமாக அவளை உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு பெருமூச்சு உண்டா, ஒரு முணுமுணுப்பு உண்டா? கொஞ்ச நேரமாவது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

இப்போது கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். கண்ணாடி அவருடைய சட்டைப் பையில் இருந்ததால் எல்லாமே கலங்கலாகத் தெரிந்தது. கம்ப்யூட்டரில் ஒரு பொம்பளை. அதே கறுப்புக் கோட்டு. கோட்டுக்கு மேலே பளீரென்று ஒரு வரிசைப் பல்.

பல்லழகி! நர்சம்மா ஸ்டூலை விட்டுப் பாதி எழுந்துவிட்டாள்.

வீட்டுக்காரரின் ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் கேஷியருக்கு அவள் வைத்த பெயர் அது. எதற்கெடுத்தாலும் முப்பத்திரண்டும் தெரியச் சிரிப்பாள். போன வாரம் அடையாள அட்டைக்கு அவள் இந்த ஸ்டுடியோவில்தான் படம் எடுத்தாள் என்று சொன்னதே இந்த மனுஷன்தான். நம் வேலையையும் அங்கேயே முடித்துவிடலாம் என்று இழுத்துக்கொண்டு வந்ததும் இதே மனுஷன்தான்.

மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து நின்று அவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் தன்னை அப்படிப் பார்த்திருக்கிறார். அப்புறம் அந்தப் பார்வை எங்கே போய்த் தொலைந்தது என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறாள். போன இடம் இப்போதல்லவா தெரிகிறது!

“பர்ஸ்ல வைக்கிற அளவுக்கு வெட்டிடுங்க” என்றார் அவர்.

பர்சில் பல்லழகி. தான் அங்கே கண் விழித்துப் பச்சைக் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருக்க, இவர் இங்கே அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். யாருமில்லாத வீடு, கேட்க நாதியில்லாத ஆறு மாதம்.

கோட்டைக் கழற்றி ஸ்டூல் மேல் எறிந்துவிட்டு விறுவிறுவென்று கவுண்டருக்குப் போனாள். அதற்குள் பிரிண்டர் உறுமி ஓய்ந்திருந்தது. வீட்டுக்காரர் எதையோ சட்டென்று பர்சுக்குள் செருகிக்கொள்ள, ஸ்டுடியோக்காரம்மா திரையை அணைத்துவிட்டு விசா படங்களைக் கவரில் போட்டு நீட்டினாள்.

நர்சம்மா கவரைத் தொடவில்லை.

“விசாவும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் போகல.”

வீட்டுக்காரர் வெலவெலத்துப் போனார். பிள்ளை வழி மேல் விழி வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறாள், இந்த நேரத்தில் இது என்ன பேச்சு என்று கெஞ்சினார். அவள் மசியவில்லை. தான் இல்லாத வீட்டில் யார் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு பொழுதை ஓட்டப்போகிறார் என்று தனக்குத் தெரியும், கண்ணாடி இல்லாவிட்டாலும் தனக்கு எல்லாம் நன்றாகவே தெரியும் என்று பொரிந்து தள்ளினாள். மகளுக்காகப் போகவும் மனசு அடித்துக்கொண்டது, இவரை விட்டுப் போகவும் பயமாக இருந்தது.

“பர்ஸை எடுங்க. அதுல இருக்கிறது யாரு?”

ஸ்டுடியோக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்காரர் காது மடல் சிவக்க, கவுண்டரை விரலால் சுரண்டிக்கொண்டே சொன்னார்.

“விசாவுக்குத்தானே சிரிக்கக் கூடாது? ஆறு மாசம் நான் வச்சுப் பார்க்க, நீ சிரிச்சது ஒண்ணு வேணாமா?”