கொண்டி எந்தப் பக்கம்?

"மிஸ், இதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க" என்று ஜீவராணி போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

நான் மிஸ் இல்லை. மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். நாலு பேருக்கு ஆங்கிலக் கடிதம் படித்துச் சொன்னதில் ஊரே என்னை மிஸ் ஆக்கிவிட்டது. வேண்டாம் என்று நானும் சொன்னதில்லை.

காலையில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு பஸ் ஏறியிருக்கிறாள். மழைக்கு இடுப்பில் கட்டும் படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. அதிலிருந்து தண்ணீர் என் கடைத் தரையெல்லாம் சொட்டியது. வேறு நாளாக இருந்தால் ஒரு சத்தம் போட்டிருப்பேன்.

அவளுடைய தங்கை சுதர்ஷினி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம். பன்னிரண்டு நாளாகப் பேச்சில்லை. கடைசியாகப் பேசியபோது, வேலை முடிந்ததும் தன்னை ஒரு அறைக்குள் விட்டு வெளியே கொண்டி போட்டுவிடுகிறார்கள் என்று கிசுகிசுத்தாளாம். அதற்குப் பிறகு அந்த நம்பரே வேலை செய்யவில்லை.

இப்போது தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து, ஆங்கிலத்தில், இரண்டே சொல்.

'சுதர்ஷினி செக்யூர்.'

"அட, நல்ல செய்திதான் ஜீவராணி! தங்கச்சி பத்திரமா இருக்கா."

அவள் முகம் மலரவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"எப்படி பத்திரமா மிஸ்? நகையைப் பொட்டியில வச்சுப் பூட்டுறதும் பத்திரம்தானே?"

இப்படி ஒரு கேள்வியை இந்தக் கடையில் யாரும் கேட்டதில்லை.

அலுமாரி மேல் தடித்த அகராதி ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று வைத்தது. எனக்கு அது தேவைப்பட்டதேயில்லை. தூசியைத் தட்டிப் பிரித்தேன்.

பாதுகாப்பான. பத்திரமான. கவலையற்ற. வரிசையாக நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அதற்குக் கீழே: இறுக்கிக் கட்டிய. பூட்டிய. தப்ப முடியாத.

கடைசி மூன்றையும் சொல்லாமல் விடலாமா என்று பார்த்தேன். அவளோ என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் படித்தேன்.

"ஒரே சொல்லுக்கா இத்தனையும்?" என்று கேட்டாள். பயத்திலும் அவளுக்கு அது அதிசயமாக இருந்தது. பிறகு அவளே, "ஆமா, நம்ம காவல் மாதிரி. முனியாண்டி நம்மளப் பாத்துக்கிறதும் காவல், பொலிஸ்காரன் பிடிச்சு அடைக்கிறதும் காவல்" என்றாள்.

பத்து வருடமாக ஆங்கிலம் படித்துச் சொல்லும் எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

அந்த நம்பருக்குப் போன் எடுத்தோம். துண்டித்துவிட்டார்கள். மறுபடி எடுத்தோம். மறுபடியும் துண்டித்தார்கள்.

சரி, எழுதிக் கேட்போம் என்று உட்கார்ந்தேன். சுதர்ஷினி இப்போது யாருடைய பொறுப்பில் இருக்கிறாள், எந்த நிலைமையில் இருக்கிறாள் என்று பெரிய வாக்கியமாக மனதுக்குள் கட்ட ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் வேணாம் மிஸ்" என்றாள் ஜீவராணி. "கதவுக்குக் கொண்டி உள் பக்கமா, வெளிப் பக்கமான்னு மட்டும் கேளுங்க."

கொண்டிக்கு ஆங்கிலத்தில் என்ன? அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். கடைசியில் 'டோர் லாக், இன்சைட் ஆர் அவுட்சைட்?' என்று எழுதி அனுப்பினேன். இலக்கணத்தை அப்போது யார் பார்த்தார்?

படித்துவிட்டார்கள் என்று நீலக் கோடு இரண்டும் விழுந்தன. பதில் வரவில்லை.

அடையாள அட்டையைப் பிரதி எடுக்க ஒருவர் வந்தார். பிறகு வாருங்கள் என்று விரட்டிவிட்டேன். அவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். போகட்டும்.

ஜீவராணி கறை படிந்த விரல்களால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொன்னேன். அவள் காதில் விழவில்லை.

போன் சிணுங்கியது. அரைகுறை ஆங்கிலம். ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கி, ஒன்றையும் விடாமல் சத்தமாகப் படித்தேன்.

'உள் பக்கம். அவள்தான் போட்டாள். அந்த வீட்டிலிருந்து தப்பி வந்துவிட்டாள், இது தூதரகத்து விடுதி. இரண்டு நாளாகத் தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்றுதான் போனைத் துண்டித்தேன். நான் பக்கத்துக் கட்டில், மரியா.'

"கழுத!" என்று கத்தினாள் ஜீவராணி. "தூங்குமூஞ்சிக் கழுத! இங்க நாங்க செத்துப் பொழைக்கிறோம், அங்க தூங்குறாளாம்!" சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தப் பதிலை இன்னும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க படிச்சுச் சொன்னீங்கன்னுதானே மிஸ், அன்னைக்கும் அவளைத் தைரியமா அனுப்பினோம்."

அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். நான் தரையைத் துடைக்கத் துணியை எடுத்தேன். எடுத்தபடியே நின்றுவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன், சுதர்ஷினியின் வேலை ஒப்பந்தத்தை இதே மேசையில் வைத்துப் படித்தது நான்தான். தங்கும் வசதி என்ற இடத்தில் 'செக்யூர் ரூம்' என்று போட்டிருந்தது. பாதுகாப்பான அறை, கொடுத்துவைத்தவள் என்று சொல்லி, கையெழுத்துப் போடும் இடத்தைப் பென்சிலால் வட்டம் போட்டும் காட்டினேன்.

அகராதி அன்றைக்கும் அலுமாரி மேல்தான் இருந்தது.

நான் திறக்கவில்லை.