அட்டைக் கிரீடம்

"இந்த வாள் நிஜமா?" என்று முன்வரிசைப் பையன் கேட்டான்.

"அட்டைப்பா. மேல சாக்லேட் தாள் ஒட்டியிருக்கேன்," என்றார் ராஜா.

"கிரீடம்?"

"அதுவும் அட்டைதான்."

"நிஜ வாள் ஏன் வாங்கல?"

"கேட்டாலும் குடுக்க மாட்டாங்க."

இன்னொருவன் தாடியைத் தொட்டுப் பார்த்தான். பஞ்சு கையோடு வந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அம்மா மடியில் இருந்த சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. ராஜாவுக்குப் பின்னால் விறைப்பாக நின்ற சிப்பாயைக் காட்டினாள்.

"அவர் துப்பாக்கியும் அட்டையா?"

ராஜா திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "இல்லம்மா. அது மட்டும் நிஜம்."

மணி அடித்தது. அம்மாக்கள் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனார்கள். சிப்பாய் ராஜாவிடமிருந்து வாளையும் கிரீடத்தையும் வாங்கிக்கொண்டார்.

"சீக்கிரம் வேஷத்தக் கலைச்சுட்டு கைதிச் சட்டையப் போடு. ஆள் எண்ணணும்."

கம்பிக் கதவு சாத்தப்பட்டது. ராஜா உள்ளே நின்றார்.

"அப்பாவுக்கு டாட்டா சொல்லு," என்றாள் சிறுமியின் அம்மா, கதவுக்கு வெளியே.

சிறுமி கையை உயர்த்தவில்லை. சாவியைத் திருப்பிக்கொண்டிருந்த சிப்பாயை அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா, இந்தப் பூட்டு அட்டைதானே?"