ஒன்பது மாடி போதும்

ஹவுகெட்டோ ரயில் நிலையத்துக்கு அருகே பதினான்கு மாடிக் குடியிருப்புக் கட்டடம் வரப்போகிறது என்று தெரிந்ததும், புவனேந்திரன் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கக் கிளம்பினார்.

"பதினாலு மாடி வந்தா எங்கட பல்கனியளுக்கு வெயிலே வராது. ஒன்பது மாடியோடை நிப்பாட்டச் சொல்லி நகரசபைக்கு எழுதுவம்."

"ஏன் அண்ணை ஒன்பது? கட்டவே வேண்டாம் எண்டு எழுதினா என்ன?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு டிலக்சி.

"மற்ற ஆக்களுக்கும் வீடு வேணும்தானே, பிள்ளை. நாங்கள் நியாயமாக் கதைக்கவேணும்."

"உங்களுக்கு நல்ல மனசு அண்ணை" என்று அவள் முதல் கையெழுத்தைப் போட்டாள். பின்னால் நூற்றுப்பதினொரு பேர் போட்டார்கள்.

நான்கு மாதத்தில் முடிவு வந்தது. டிலக்சி கேக்கோடு ஓடிவந்தாள்.

"அண்ணை, வெண்டிட்டம்! கேட்டதைவிடக் கூடவே தந்திருக்கினம். எட்டு மாடிதானாம்!"

"எட்டோ?" என்று கேட்டபடி புவனேந்திரன் கேக்கை வாங்கினார். அவள் போனதும் அவர் மனைவி சிறிதேவி கதவைச் சாத்தினாள்.

"தலைக்கு மேலை ஒருத்தரும் நடக்கக்கூடாது எண்டியள். பதினாலாம் மாடி வாங்க வசதியில்லாமல் அந்தப் புதுக் கட்டடத்திலை ஒன்பதாம் மாடி வீட்டை முன்கூட்டியே பதிஞ்சுபோட்டு, அதையே கடைசி மாடியாக்க வெளிக்கிட்டியள். இப்ப எங்கட வீடு எங்கையப்பா?"

அவர் கதிரையில் உட்கார்ந்தார்.

"கட்ட முதலே சொந்த வீட்டை இடிச்ச ஆள் நான் ஒருத்தன்தான். அதுக்கும் நூற்றுப்பன்னிரண்டு பேரை உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறன். கேக்கை வெட்டுமப்பா, சாப்பிடுவம்."