ஒரே ஒரு அடி

"மூலையில உட்கார்ந்திருக்காரே, அவர் எதுக்கு?" என்று கேட்டார் இசைக் கம்பெனி மேனேஜர்.

பாட்டு அப்போதுதான் முடிந்திருந்தது. இரண்டாவது மாடி வீட்டின் கூடத்தில் பன்னிரண்டு பேர் முழங்கையும் முழங்காலும் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நான்கு வயலின், செல்லோ, டிரம்பெட், புல்லாங்குழல், கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ் என்று ஒரு பாப் பாட்டுக்கு ஊரே கூடியிருந்தது. குழுவுக்கு 'நெரிசல்' என்று பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை.

மூலையில் இருந்தவருக்கு அறுபது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, மடியில் இரண்டு பெரிய பித்தளைத் தட்டுகள். பாட்டு முழுக்க உதடு அசைய எண்ணிக்கொண்டே இருந்தவர், கடைசியில் எழுந்து நின்று ஒரே ஒரு அடி அடித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து, மேனேஜரின் காப்பி சட்டையில் தளும்பியது. மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"அவர் எண்ணிட்டு இருந்தார்," என்றாள் பாடகி. பாட்டெழுதுவது, மெட்டுப் போடுவது, சண்டை போடுவது மூன்றும் அவள்தான். குழுவில் எல்லோருக்கும் அவள் அக்கா.

"எண்ணுறதுக்கு ஒரு ஆளா? இங்க பாரும்மா. மூணு ஆல்பம், பதினாலு ஊர்ல கச்சேரி, எல்லாம் எங்க பொறுப்பு. பதினோரு பேரை எப்படியோ சமாளிச்சுக்கறோம். சும்மா உட்கார்ந்திருக்கிறவரையும் கூட்டிட்டுப் போனா மேலிடத்துல என்னைச் சும்மா விடமாட்டாங்க. அந்த அடி கீபோர்டுல ஒரு பட்டனைத் தட்டினா வந்துடும்."

"வராது."

டிரம்ஸ் வாசிப்பவன் அவளுடைய சொந்தத் தம்பி. கை நீட்டிக் கீபோர்டில் அந்தப் பட்டனைத் தட்டிக் காட்டினான். தகர டப்பா உருண்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. செல்லோக்காரன் சிரித்துவிட்டான்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "தெரியாமத்தான் கேக்கறேன், ஜால்ரா அடிக்கத் தனியா ஒரு ஆள் வேணுமா உங்களுக்கு?"

"எங்களுக்கு ஜால்ரா அடிக்காத ஒரே ஆள் அவர்தான் சார்."

"உங்க அப்பாவா?"

"இல்ல."

"மாமனாரா?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

"அப்போ பின்னால நின்னு உதவி பண்றவரா?"

"இதுவரைக்கும் ஒரு டீ கூட வாங்கிக் குடுத்தது இல்ல," என்றான் தம்பி.

பேச்சு தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்தும் பெரியவர் தலை நிமிரவில்லை. ஒரு துணியால் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் ஒப்பந்தத்தை அக்காவின் பக்கம் நகர்த்தி, பேனாவையும் திறந்து வைத்தார். "ஒரு கையெழுத்து. ஒரே ஒரு ஆள். யோசிச்சுக்கோ."

இந்தக் காகிதத்துக்காகத்தான் ஆறு வருடமாக அவர்கள் நாயாய் அலைந்தார்கள். சின்ன வயலின்காரி அக்காவின் முகத்தையே பார்த்தாள்.

"நானும் என் தம்பியும் ரெண்டே பேரா ஆரம்பிச்சது சார் இது," என்றாள் அக்கா. "இந்த வயலின் பொண்ணுங்களை, பாப் வாசிக்கிறீங்களான்னு இசைப் பள்ளியில வெளிய அனுப்பினாங்க. டிரம்பெட் அண்ணன் பகல்ல தீயணைப்பு வண்டி ஓட்டறார். ஒத்திகை பார்க்கப் போன அஞ்சு இடத்துலயும் துரத்திட்டாங்க, இது ஆறாவது. வயலினைத் தூக்கு, குழலைத் தூக்குன்னு சொல்லாத ஆள் கிடையாது. நாங்க யாரையும் தூக்கல. இன்னிக்கு எங்க கச்சேரிக்கு டிக்கெட் இல்லாம ஜனங்க திரும்பிப் போறாங்க."

"அதெல்லாம் சரி. இவரால என்ன பிரயோஜனம்?"

"இவர் இருக்கிறதாலதான் நாங்க இங்க இருக்கோம். அதுக்கு மேல கேக்காதீங்க."

பேனாவை மூடி ஒப்பந்தத்தின் மேல் வைத்து, இரண்டையும் திருப்பி நகர்த்தினாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. இன்னொரு கம்பெனி வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. "பன்னிரண்டு பேர். சம்மதம்னா வாங்க, இல்லன்னா இன்னொரு காப்பி குடிச்சுட்டுப் போங்க."

மேனேஜர் காப்பி குடிக்காமலே எழுந்தார்.

படியிறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. தட்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு அந்தப் பெரியவர் வந்தார். முதல் மாடியில் நின்று, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"நீங்க இந்த வீட்டுலயா இருக்கீங்க?"

"ஆமா. அவங்களுக்கு நேர் கீழே."

மேனேஜருக்கு மனசு ஆறவில்லை. "உங்க ஒருத்தருக்காக எவ்வளவு பெரிய வாய்ப்பை விட்டுட்டாங்க தெரியுமா? அப்படி என்ன சார் செஞ்சீங்க அவங்களுக்கு?"

"நான் என்ன செஞ்சேன்? நாலு வருஷம் முன்னாடி இந்த இரைச்சல் தாங்காம, இவங்களைக் காலி பண்ண வச்சுட்டுத்தான் மறுவேலைன்னு சண்டைக்கு மேல போனேன். அந்தப் பொண்ணு இதைக் கையில குடுத்து, 'இருநூறு வரைக்கும் எண்ணுங்க சார், அப்புறம் கோபம் தீர ஒரு அடி அடிங்க'ன்னு உட்கார வச்சுட்டா."

"அப்போ கோபம் தீர்ந்துடுச்சா?"

"எப்படித் தீரும்?" என்று கதவைத் திறந்தார் கீழ் வீட்டுக்காரர். "பாட்டுக்கு ஒரு அடிதானே குடுக்கிறாங்க."