டூலிக்கு நூற்றிருபது ஆம்பியர்

ஸ்பேனரைப் பல்லில் கடித்துக்கொண்டு, தரையில் விரித்த அட்டையின் மேல் மல்லாந்து கிடந்தான் லைல் ஓஸ்டர்மன்.

அவனுடைய லாரியின் முன்கண்ணாடிக்குள் ஒட்டியிருந்த நேரக்கணக்குப் பெட்டியோ, அவன் லாரிக்குள் இருக்கும் கட்டிலில் தூங்குவதாகக் காட்டிக்கொண்டிருந்தது.

பகல் பன்னிரண்டு மணியிலிருந்து.

"தூங்குறவன் குறட்டையாவது விடணும்டா," என்றான் பக்கத்து லாரி ரெக்ஸ். மடக்கு நாற்காலியில் சாய்ந்து சோள வறுவல் தின்றுகொண்டிருந்தான். நெப்ராஸ்கா லாரிப்பேட்டையின் அக்டோபர் வெயில் அவன் தொப்பையில் சுகமாக விழுந்திருந்தது.

டிரைவர் சட்டப்படி எடுத்தே ஆகவேண்டிய பத்து மணி நேர ஓய்வில் ஸ்பேனரைத் தொட்டால் அது வேலைக் கணக்கு. பிடிபட்டால் ஓய்வை மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும்.

இரவு பத்துக்குக் கிளம்பினால்தான் காலை ஆறுக்கு இல்லினாய்ஸ். அங்கே ஒரு சிற்றூரில் நாளை பரங்கிக்காய்த் திருவிழா. ஊருக்கு வேண்டிய பரங்கிக்காய் அத்தனையும் லைலின் லாரியில்தான் இருந்தது.

பரங்கிக்காய் இல்லாத பரங்கிக்காய்த் திருவிழாவை லைலால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வேலையைத் தள்ளிப்போடவும் வழியில்லை. லாரி நிற்கிற நேரத்தில் கட்டில் அறைக்குக் கரண்ட் கொடுப்பது, ஏறும் படிக்குப் பின்னால் பொருத்திய ஒரு குட்டி இன்ஜின். அதில் கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் வெறும் அறுபது ஆம்பியர். ஹீட்டர், ஃப்ரிட்ஜ், குறட்டைக்காரர்கள் மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்கும் மூச்சு மெஷின் என்று மூன்றையும் ஒன்றாகப் போட்டால் பாதி ஓய்விலேயே பேட்டரி படுத்துவிடும்.

மெஷின் நின்றால், லைலோடு லாரியில் கூடவே வரும் டூலி எழுந்துவிடுவான். டூலி எழுந்தால் புலம்புவான். டூலி புலம்பினால் லைலுக்கும் தூக்கம் கிடையாது. ஒன்பது நாளாக இதே கதை.

ஆகவே நூற்றிருபது ஆம்பியரில் புதுசு வாங்கினான். பழைய ஒல்லி வயர் அதைத் தாங்காது என்று விரல் தடிமனில் கேபிளும், அதற்கேற்ற ஃபியூஸும், அளவான பெல்ட்டும் வாங்கினான். எதிலும் ஒழுங்கு பார்க்கிறவன். பேட்டரி வயரைக் கழற்றுவதற்கு முன்பாகவே, உள்ளே தூங்கும் டூலியின் மெஷினை ஒரு சின்ன பேட்டரிக்கு மாற்றிவிட்டுத்தான் கீழே இறங்கினான். ஒரு மணி நேரம் தாங்கும்.

ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. பெல்ட்டை இறுக்குவது மட்டும் பாக்கி.

அப்போதுதான் தலைக்குப் பக்கத்தில் இரண்டு பூட்ஸ் வந்து நின்றன. பளபளவென்று பாலீஷ் போட்டவை. லாரி ஓட்டுகிறவன் யாரும் அப்படிப் போடுவதில்லை.

"இந்த லாரி டிரைவர் யாரு?"

குனிந்து பார்த்த பெண் இன்ஸ்பெக்டரின் தொப்பி பாதி வானத்தை மறைத்தது. லைல் ஸ்பேனரை வாயிலிருந்து எடுத்தான்.

"உள்ள தூங்குறாரு மேடம். நான் மெக்கானிக்."

நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு குறட்டை கிளம்பியது. பழைய டீசல் வண்டியைப் பனியில் ஸ்டார்ட் பண்ணுகிற மாதிரி.

ரெக்ஸுக்குச் சோள வறுவல் புரையேறியது.

"எழுப்புங்க. லைசென்ஸ் பார்க்கணும்."

"எழுப்பினா ஓய்வு கெட்டுப்போயிடும் மேடம். லைசென்ஸை எங்கிட்ட குடுத்துட்டுத்தான் படுத்தாரு." தன் பின்பாக்கெட்டிலிருந்து எடுத்து நீட்டினான். முகமெல்லாம் கிரீஸ். பெற்றவளே வந்தாலும் அடையாளம் கண்டிருக்க மாட்டாள்.

இன்ஸ்பெக்டர் லைசென்ஸோடு படியேறினார். கதவைத் திறந்து, கட்டில் திரையை விலக்கினார்.

உள்ளே பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

லைல் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணுக்குள் குழந்தைகள் ஒரு வெறும் மைதானத்தில் கத்தியும் கையுமாக நின்றார்கள், முகம் செதுக்க ஒரு பரங்கிக்காய்கூட இல்லாமல்.

திரை மெல்ல மூடப்பட்டது. கதவு அதைவிட மெல்ல. பூட்ஸ் கீழே இறங்கின.

"கன்னம் ஒத்துப்போகுது," என்றார் இன்ஸ்பெக்டர். "காதுதான் கொஞ்சம் இடிக்குது."

லைல் பெல்ட்டை இறுக்க ஆரம்பித்தான்.

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவனருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த மெஷினை டாக்டர் யாருக்கு எழுதிக் குடுத்தாரு?"

"எனக்குத்தான் மேடம். ஒருநாள் விளையாட்டா அவன் மூஞ்சியில மாட்டிவிட்டேன். அப்புறம் திருப்பித் தரவே மாட்டேங்கிறான்."

சொல்லி முடித்த பிறகுதான் லைல் நாக்கைக் கடித்துக்கொண்டான். மெக்கானிக் பேசுகிற பேச்சா இது?

இன்ஸ்பெக்டர் லைசென்ஸை அவன் சட்டைப் பையில் செருகினார். அபராதச் சீட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பேனாவைத் திறந்தார்.

"மாஸ்க் என்ன சைஸ்?"

"மீடியம்."

"எங்க வீட்டு நாயும் இப்படித்தான் குறட்டை விடும். ஆனா அது பக். அதுக்கு மூக்கே கிடையாதே."

லைல் பெல்ட்டை விட்டுவிட்டு ஒழுங்காக யோசித்தான்.

"அப்போ ஸ்மால் வாங்குங்க மேடம். வாரைக் காதுக்குப் பின்னால கொண்டுபோய் இறுக்குங்க. முன்னால போட்டா பிச்சு எறிஞ்சிடும்."